ரேடியோவும் பன்னிரண்டு விநாடியும்

என் தம்பிக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது நான்தான். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. பத்து மாதத்தில் பேச ஆரம்பித்தவன், நாற்பத்தொரு வயதாகிறது, இன்னும் வாயை மூடவில்லை. சாப்பிடும்போது பேசுவான். பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவான். பல் டாக்டர் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டிருந்தபோதுகூட ஏதோ ஒரு கதையை உளறிக்கொட்ட, அவர் சிரித்துச் சிரித்து வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கல்யாணமான மூன்றாம் நாளே அவன் மனைவி என்னைச் சமையலறைக்குள் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணி, உங்க தம்பிய ஆஃப் பண்ற சுவிட்ச் எங்க இருக்கு?"

"அது வைக்க மறந்துட்டாங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

வேலைக்குப் போன இடத்திலெல்லாம் இந்த வாய்தான் அவனுக்கு எமன். முதலில் ஒரு துணிக்கடை. வந்தவர்கள் துணி வாங்க வந்ததையே மறந்து இவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆறே மாதத்தில் முதலாளி பெரிய கும்பிடாகப் போட்டு அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது இவன் பொறுப்பு. ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, கழுத்தை நேராக்கி, பட்டனை அமுக்குவதற்குள் இரண்டு ஜோக்கை அவிழ்த்துவிடுவான். அந்த வட்டாரத்தில் யார் பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துப் பார்த்தாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. ஆபீசில் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, இவன் மூஞ்சியைப் பார்த்ததுமே மறுபடி சிரித்தார்கள். ஸ்டுடியோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ தங்கமான பையன். ஆனா என் கடையில மட்டும் இருக்காதே" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் நான் வேலை பார்க்கும் இடத்துக்கே அவனைக் கூட்டிவந்தேன். சிபாரிசு செய்த பாவம் என்னைச் சேர்ந்தது.

எங்கள் இடம் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டு. சலவைத் துணி காயும் முற்றத்தைத் தாண்டினால் ஒரு நீளமான பட்டறை. தீயிலும் கொதிநீரிலும் முகம் வெந்துபோனவர்களுக்கு நாங்கள் முகமூடி செய்கிறோம். பயந்துவிடாதீர்கள், கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்தான். வெந்த இடத்தில் புதுத் தோல் வரும்போது அது சும்மா வராது. சிவந்து, தடித்து, மேடிட்டு, பக்கத்தில் இருக்கிற நல்ல தோலையும் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். அதை நாள் முழுக்க ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் அடங்கிப் படிந்துவிடும். அழுத்துகிற வேலையை முகமூடி செய்யும். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை விட்டு, பின்னால் பட்டை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் வாட்டி, அச்சின் மேல் போர்த்தி, ஓரம் வெட்டி, விளிம்பை ராவி மழுக்கி, முகத்தில் போட்டுப் பார்ப்பது என் வேலை. இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அச்சை ஒரு மெஷின் கடைந்து கொடுக்கும். எந்த அளவில் கடைய வேண்டும் என்று அதற்குச் சொல்வது என் தம்பி.

அவன் அறை பட்டறையின் கோடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கறுப்பு பெயிண்ட். நடுவில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு கேமரா. கேமராவுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, மேலே நீல விளக்கு. கேமராவுக்குக் கீழே ஒரு திரை. உட்கார்ந்திருப்பவர் தன் முகத்தை அதில் பார்த்து, நடுவில் உள்ள கூட்டல் குறியில் மூக்கு நுனியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூன்று விளக்கையும் ஒன்றாகப் போட்டு ஒரே ஒரு படம். அவ்வளவுதான். யாராவது ஒரு படத்தில் எப்படி மேடு பள்ளம் தெரியும் என்று கேட்டால் போதும், ரேடியோ பாட ஆரம்பித்துவிடும்.

"இதுல என்ன சூட்சுமம்? இடப்பக்கமா சாய்ஞ்ச தோல்ல சிவப்பு நிறைய விழும். வலப்பக்கமா சாய்ஞ்சா பச்சை. மேல பார்த்து இருந்தா நீலம். எந்தப் புள்ளியில எந்தக் கலர் எவ்வளவு இருக்குன்னு கம்ப்யூட்டர் பிரிச்சுப் பார்க்கும். பார்த்தா, தோல் எங்க எப்படிச் சாயுதுன்னு தெரிஞ்சுபோகும். சாய்வை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்தா முழு முகமும் வந்துரும். உங்க மூக்கு எங்கயும் ஓடிப்போக முடியாது!"

அந்த வேலையில் அவன் வாய் ஒரு வரப்பிரசாதமாகவே ஆகிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் உட்காருவார்கள். இறுகின முகத்துக்குச் செய்த முகமூடி, இறுக்கம் தளர்ந்ததும் லொடலொடவென்று ஆடும். இவன் பேசிப் பேசி அவர்களைச் சிரிக்க வைப்பான். சிரித்து ஓய்ந்த அடுத்த நொடி முகம் தளர்ந்து தொங்கும் பாருங்கள், அப்போது பட்டனை அமுக்கிவிடுவான். பதினோரு வருஷத்தில் அந்த நொடியை அவன் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

இதில் ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. தோல் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். தழும்பு சிவப்பாக இருந்தால், அந்தச் சிவப்பு, விளக்கிலிருந்து வந்ததா தோலிலிருந்து வந்ததா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தோல் சிவப்பு விளக்கின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, இல்லாத மேட்டை இருக்கிறது என்று சாதிக்கும். அதனால் முதலில் முகம் முழுக்க வெள்ளைப் பவுடர் பூசிவிடுவோம். பவுடர் படக்கூடாத பிஞ்சுத் தோல் என்றால் கலர் விளக்கே கிடையாது. வெள்ளை விளக்கை இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை, தடவைக்கு நாலு நாலு விநாடி, மூன்று படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மற்ற இரண்டு படத்தின் அதே புள்ளியோடு ஒப்பிடுவதால் தோலின் நிறம் அதில் குறுக்கே வராது. ஆனால் அந்தப் பன்னிரண்டு விநாடியும் ஆள் அசையக் கூடாது. உதடுகூட அசையக் கூடாது.

இந்த விஷயம் தம்பிக்கு அத்துப்படி. தெரிந்தேதான் தப்புச் செய்தான்.

அந்தக் குட்டிக்கு ஏழு வயது. நாங்கள் வாண்டு என்று கூப்பிட்டோம். அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை எட்டி இழுத்ததில் வலது கன்னம், தாடை, உதட்டோரம் எல்லாம் வெந்துபோய் ஐந்து மாதமாகியிருந்தது. கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தபடி வந்தாள். அவள் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, வீட்டுல கண்ணாடியை எல்லாம் கழட்டிட்டேன். பீரோவுல இருந்தது, பாத்ரூம்ல இருந்தது, எல்லாத்தையும். அவ இன்னும் பார்க்கல. இங்கயும் கொஞ்சம் பார்த்துக்கோங்க." எங்கள் பட்டறையிலும் கண்ணாடி வைப்பதில்லை. நல்லதுதான் என்று அப்போது தலையாட்டினேன்.

டாக்டரம்மா சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: பவுடர் கூடாது. அப்படியென்றால் வெள்ளை விளக்கு. ஆனால் வாண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது அறையில் கலர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் வந்த ஆளுக்குப் போட்டதை இவன் அணைக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை, நெற்றியில் நீலம், நடுவில் எல்லாம் கலந்து ஊதாவும் மஞ்சளும். துணியை மெல்லக் கீழே இறக்கினாள்.

"மாமா, இது நானா?"

"பின்ன, நானா? எனக்கு இவ்வளவு சின்ன மூக்கா?"

"காயம் எங்க?"

"தேடு பார்க்கலாம்."

தேடினாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கை தட்டிச் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்து முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று அவள் அம்மா அழுதாள். இவன் வெள்ளை விளக்கைப் போடப் போனதும், "வேண்டாம், கலர்தான், கலர்தான்" என்று நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த நேரம் பட்டறை அடுப்பில் தகடு வாட்டிக்கொண்டிருந்தேன், இதெல்லாம் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நான் அங்கே இருந்திருந்தால் நடந்திருக்காது. இவன் மனசு இளகி, கலரிலேயே படத்தை எடுத்துவிட்டான். தப்பாக வரும் இடத்தைக் கம்ப்யூட்டரில் கையால் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தானாம். நினைப்பு!

மூன்றாம் நாள் முகமூடியை அவள் முகத்தில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாகப் பொருந்தினால் பிளாஸ்டிக் வழியாகப் பார்க்கும்போது சிவந்த தழும்பு அழுத்தத்தில் ஒரே சீராக வெளுக்க வேண்டும். இங்கே கன்னத்தில் சிவப்பு இருந்தபடியே இருந்தது. தீக்குச்சி ஒன்று தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி. தாடையில் மட்டும் விளிம்பு நறுக்கென்று பதிந்தது. வாண்டு வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றியபோது நல்ல தோலில் ஒரு கோடு விழுந்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம். முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன்.

"டேய், இது என்னடா?"

"அக்கா, அது வந்து…"

"வந்து போயெல்லாம் கிடக்கட்டும். கலர்லயா எடுத்த?"

தலையாட்டினான். நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சலவைக்காரர்கள் துணி உலர்த்துவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு டாக்டரம்மாவே வந்துவிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. வாண்டின் உதட்டோரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க பாருங்க, இழுக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் பத்து நாள் சும்மா விட்டா வாய் ஒரு பக்கமாப் போயிடும். அப்புறம் கத்தி வைக்காம முடியாது. சனிக்கிழமை எனக்குச் சரியான முகமூடி வேணும்." அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அச்சு கடைய ஒரு இரவு, நான் வேலை முடிக்க அரை நாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் படம் எடுத்தாக வேண்டும்.

புதன்கிழமை வாண்டு வந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்வது அவன் பொறுப்பு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் பேசுகிற வாய், அன்றைக்கு யானையைப் பற்றிப் பேசியது, ரயிலைப் பற்றிப் பேசியது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைப் பற்றிப் பேசியது. விஷயத்துக்கு மட்டும் வரவில்லை. நான் பின்னாலிருந்து கிள்ளினேன்.

"வாண்டு, மாமா ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றான் கடைசியில். "அந்தக் கலர் விளக்குல உன் காயத்தை மெஷினால பார்க்க முடியல. அதான் முகமூடி குத்துச்சு. வெள்ளை விளக்குலதான் எடுக்கணும்."

"வெள்ளைன்னா, திரையில தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ வேண்டாம்."

முடிந்தது கதை. துணியை மறுபடி மூக்குக்கு ஏற்றிவிட்டாள்.

திரையை அணைத்துப் பார்த்தோம். மூக்கு நுனியை வைக்கக் குறி இல்லாமல் தலை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் நகர்ந்தது. மூன்று படத்தையும் சேர்த்தால் ஒரு முகத்துக்கு இரண்டு மூக்கு வந்தது. வியாழக்கிழமை கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். கண்ணை மூடிய குழந்தை காற்றில் செடி ஆடுவது போல் ஆடியது. தலையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று அவள் அம்மா கேட்டாள். பிடித்தால் பிடித்த கையும் படத்தில் வரும். போதாக்குறைக்கு எங்கள் ரேடியோ வேறு. பன்னிரண்டு விநாடி அவன் பேசாமல் இருக்க வேண்டுமே! அவன் பேசினால் இவள் சிரிப்பாள். பேசாவிட்டால், என்ன ஆச்சு இந்த மாமாவுக்கு என்று திரும்பிப் பார்ப்பாள். அவன் முகத்தை உப்பவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அதற்கும் சிரிப்பாள். நாற்பது படத்துக்கு மேல் எடுத்தோம், ஒன்றுகூட உருப்படியில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவன் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி போன் செய்தாள். "அண்ணி, பேசவே மாட்டேங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டவா?" என்றாள். நான் போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு வாய் கோணிப்போச்சுன்னா அது என்னாலதான" என்றான்.

"ஆமா, உன்னாலதான்" என்றேன். பொய் சொல்லித் தேற்ற எனக்கு வராது. "போய்ச் சாப்பிடு. நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாண்டு வந்தாள். நாற்காலியில் ஏறவில்லை. அதன் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, என் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க உட்காருங்க மாமா."

"நானா? எனக்கெதுக்கு?"

"ஆடாம அசையாம பேசாம இருன்னு என்னையே சொல்றீங்க. நீங்க இருந்து காட்டுங்க. நீங்க இருந்தா நானும் இருக்கேன்."

அவள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான், "நல்லாக் கேட்டடி என் கண்ணு!" என்றேன். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தான். பட்டனை எப்படி அமுக்குவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு முறை அமுக்கினால் மூன்று வெள்ளை விளக்கும் முறையாக எரிந்து அணையும். அவள் ஸ்டூலில் ஏறி நின்று, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினாள். ஐந்தில் இவன், "மூக்கு அரிக்குது" என்றான்.

"அவுட்!" என்றாள்.

இரண்டாம் தடவை ஏழில், "எத்தனை ஆச்சு?" என்று கேட்டான். "அவுட்!" மூன்றாம் தடவை பதினொன்றுவரை வந்துவிட்டான். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அந்த மடையன், "அடேயப்பா, இருந்துட்டேனே!" என்கிறான். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் வாண்டு இப்போது எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் வந்த படத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் வெள்ளை விளக்கைப் போட்டு யார் முகத்தைப் பார்த்தாலும் சகிக்காது. இருக்கிற குழி எல்லாம் கிணறாகவும், இருக்கிற மரு எல்லாம் மலையாகவும் தெரியும்.

"ஐயே, மாமா! உங்க மூஞ்சி முழுக்கக் குழி!"

"அது பதினாறு வயசுல வந்த பருவும்மா. நோண்டாதடான்னு அக்கா சொன்னா, நான் கேட்கல."

"மூக்கு கோணலா இருக்கு."

"சைக்கிள்ல இருந்து விழுந்தது. அந்தக் கதையைச் சொல்லவா?"

"வேண்டாம். பெரியம்மா, நீங்க உட்காருங்க."

என் முகத்தைப் பற்றி எனக்கு அப்படியொன்றும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் அந்தத் திரையில் என் மீசையைப் பார்த்தபோது திக்கென்றது. மேலுதட்டில் அவ்வளவு மயிர் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது. பன்னிரண்டு விநாடி நான் அசையவில்லை, கோபத்தில். வாண்டு ஸ்டூலில் நின்றபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தம்பி வேறு, "அக்கா, உனக்குப் போலீஸ் வேலை கிடைச்சிருக்கும்" என்றான். அவனை அப்புறமாகக் கவனித்துக்கொண்டேன்.

"அம்மா, இப்ப நீ."

அவள் அம்மா மாட்டேன் மாட்டேன் என்று பின்வாங்கினாள். வாண்டு விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். விளக்கு மேலிருந்து விழுந்ததும் அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டாள். அவள் தலையில் கொத்துக் கொத்தாக நரை.

"எனக்கு நரைச்சிருச்சா?" என்றாள்.

வீட்டில் கண்ணாடியே இல்லாத ஐந்து மாதத்தில் அவளும் தன் முகத்தைப் பார்க்கவில்லை. வாண்டு ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய் அம்மாவின் தலையைத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்லம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் கறுப்பும் இருக்கு" என்றாள்.

பிறகு தம்பி மறுபடி உட்கார்ந்தான். இந்த முறை சட்டைக் காலரை வாயில் கவ்விக்கொள்ளலாமா என்று கேட்டான், கூடாது என்றாள். எண்ணினாள். எட்டில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. பத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு என்று அவள் சொன்னதும் அடைத்துவைத்த அத்தனையையும் சேர்த்து ஒரே மூச்சில் பேசினான், ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"சரி, ஜெயிச்சுட்டீங்க" என்றாள் வாண்டு. சொன்ன சொல் மாறாத பிள்ளை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைக் கீழேயே வைத்திருந்தாள்.

தம்பி இடது விளக்கைப் போட்டான். "வாண்டு, மூக்கை அந்தக் குறியில…" என்று ஆரம்பித்தவன் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். அவள் மெதுவாக நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் திருப்பி உதட்டோரத்தைப் பார்த்தாள். அவள் அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நெளிந்தே போய்விட்டது.

"இவ்ளோதானா?" என்றாள்.

அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"பாதி மூஞ்சியே இல்லன்னு நினைச்சேன்மா. நீ கண்ணாடியை எல்லாம் கழட்டினியா, ரொம்ப மோசமாத்தான் இருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கும் அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம். கண்ணாடி இல்லாத பட்டறைதான் நல்லது என்று தலையாட்டியவள் நானும்தானே. ஐந்து மாதமாக அந்தக் குழந்தை மனசுக்குள் எந்த முகத்தைச் சுமந்துகொண்டு திரிந்ததோ!

"எடுங்க மாமா" என்றாள் வாண்டு. மூக்கு நுனியைக் குறியில் கொண்டுவந்து நிறுத்தினாள். இடது, வலது, மேலே. கல் மாதிரி இருந்தாள். முடிந்ததும் அவன் கம்ப்யூட்டரில் மூன்று படத்தையும் சேர்த்தான். ஒரே ஒரு முகம் வந்தது, ஒரே ஒரு மூக்கோடு. அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதான். வாண்டு அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, "போதும் மாமா, நல்லாத்தான இருந்தேன்" என்றாள்.

அன்று மாலையே அச்சு மெஷினில் ஏறியது. சனிக்கிழமை காலை நான் விளிம்பை ராவும்போது தம்பி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, "அங்க கூரா இருக்கு அக்கா, இங்க கூரா இருக்கு அக்கா" என்று உயிரை வாங்கினான். இரண்டு தடவை துரத்திவிட்டேன், மூன்றாம் தடவை வேறு கதவு வழியாக வந்தான். பதினோரு மணிக்கு வாண்டின் முகத்தில் போட்டுப் பட்டையை இழுத்துக் கட்டினேன். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்குக்குக் கீழே கன்னம் வெளுத்தது. தாடை வெளுத்தது. உதட்டோரத்தில் கடைசிச் சிவப்பும் கரைந்து வெளுத்ததை நானே என் கண்ணால் பார்த்தேன்.

"குத்துதா?" என்று கேட்டேன்.

"இல்ல. இறுக்கமா இருக்கு, ஆனா குத்தல."

டாக்டரம்மா உதட்டோரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "வாய் எங்கயும் போகாது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சொல் வராது, அதுவே எங்களுக்குப் போதும். தம்பி இனிமேல் டாக்டர் சீட்டை மீறமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சத்தியம் செய்தான். அப்புறம் சைக்கிளிலிருந்து விழுந்த கதையை டாக்டரம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தான். அவர் பாவம், வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.

பஸ் ஸ்டாப்வரை நான் அவர்களோடு போனேன். வாண்டு கழுத்துத் துணியைப் பையில் போட்டுவிட்டு, முகமூடியோடு, வெட்டவெளியில் நடந்து வந்தாள். ஸ்டாப்பில் ஒரு அம்மாள், கையில் காய்கறிப் பை, அவளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாங்கமாட்டாமல் குனிந்தாள்.

"ஐயோ பாவமே! என்னம்மா இது, முகத்துல எதையோ மாட்டிவிட்டிருக்காங்க?"

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாண்டு நிமிர்ந்து அந்த அம்மாளை நேராகப் பார்த்தாள்.

"எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது, ஆன்ட்டி. உங்களுக்குச் சேராது" என்றாள்.

பஸ் வந்தது. முதல் ஆளாக ஏறிப்போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.